மஞ்சள் தோன்றாக் காமாலை

காமாலை என்றதும் நம்மவர் முதலில் குறை கூறுவது தண்ணீரைத்தான். தில்லியில் வாழும் நமக்கு அதில் வியப்பில்லை. 1955-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1956-இன் தொடக்கத்திலும் இந்நகரில் ஏறத்தாழ 29,000 பேர் காமாலையால் பீடிக்கப்பட்டனர். வெள்ளத்துக்குப் பின் யமுனையின் ஓட்டம் மாறியது. நஜாப்கர் ஓடையின் சாக்கடை நீர் வஜீராபாத் நீரேற்று நிலையத்தின் வாயை எட்டியது. நகரம் அதையே குடித்தது. அன்று சேமித்து வைத்திருந்த இரத்த நீரை 1980-இல் சோதித்தபோது அந்நோய் ‘ஏ’ வகையும் அன்று, ‘பி’ வகையும் அன்று என்று தெரிந்தது. பின்னர் அதற்கு ‘இ’ வகை என்று பெயர் வந்தது. இந்த ‘இ’ வகையும் ‘ஏ’ வகையும் தண்ணீராலும் உணவாலும் பரவுவன. கொதிக்கவைத்த நீர், கழுவிய கை, சுத்தமான சமையலறை ஆகியவற்றால் அவற்றைத் தடுத்துவிடலாம்.

இக்கட்டுரை அவற்றைப் பற்றியதன்று. ஈரலைத் தாக்கும் நச்சுயிர்களுள் ‘ஹெபடைடிஸ் பி’ என்பது தண்ணீரில் வருவதில்லை. இரத்தத்தாலும், உடலுறவாலும், பேறுகாலத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் அது செல்கிறது. நம் விடுதிகளில் ஒருவருக்குக் காமாலை என்று தெரிந்தால் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியே ஒதுக்குகிறோம். ‘ஏ’ வகைக்கு அது தகும். ‘பி’ வகைக்காரருடைய தட்டை ஒதுக்குவதால் யாதொரு பயனும் இல்லை; ஒதுக்க வேண்டியது அவருடைய சவரக் கத்தியை. அவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாம், கைகுலுக்கலாம், தழுவிக்கொள்ளலாம். இருமலிலும் தும்மலிலும் அது பரவாது. இரண்டு நோய்களுக்கும் ஒரே பெயரை வைத்துக்கொண்டதால் அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுகிறோம், அஞ்ச வேண்டிய இடத்தை மறந்துவிடுகிறோம்.

கணவன் மனைவியருக்கிடையே நோய் பரவும் வழியை எழுத்தில் வைப்பது சிறிது கூச்சமான காரியந்தான். ஆயினும் என் வகுப்புத் தோழியர் இருவருக்கு இவ்வாண்டு திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ஜாதகம் பார்த்தாயிற்று, பத்துப் பொருத்தமும் எண்ணியாயிற்று, ஒரு வீட்டார் இரத்த வகையைக் கூடக் கேட்டனர். ‘பி’ நச்சுயிருக்கான சோதனையை எவரும் கேட்கவில்லை. நுண்ணுயிரியல் படிக்கும் நான் இதை எழுதாமல் வேறு யார் எழுதுவார் என்று தோன்றிற்று.

இந்நோய் இரத்தவழியே போகும் என்பதற்கான முதற் சான்று ஜெர்மனியிலிருந்து கிடைத்தது. 1883-இல் பிரேமன் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் 1,289 தொழிலாளர்க்கு அம்மை குத்தினர். அதற்காகப் பயன்படுத்திய பால், மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டது. சில வாரங்களுக்கும் மாதங்களுக்கும் பின் அவருள் 191 பேருக்குக் காமாலை கண்டது. அதே தளத்தில் அப்பால் குத்தப்படாதவருக்கு அது வரவில்லை. 1942-இல் அமெரிக்கப் படையினருக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டபோதும் இதே கதைதான். மருந்து கெடாமலிருக்க மனித இரத்த நீரைச் சேர்த்திருந்தனர். ஏறத்தாழ 50,000 வீரர்கள் காமாலையுடன் மருத்துவமனை புகுந்தனர். அது ‘பி’ வகையே என்று நாற்பதாண்டுக்குப் பின் அவர்தம் இரத்தத்தைச் சோதித்து உறுதி செய்தனர்.

கிருமியின் அடையாளம் கிட்டியதோ வேறு ஏதோ ஒன்றைத் தேடும்போது. பரூக் பிளம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர், மக்களின் இரத்தப் புரதங்களில் இனத்துக்கு இனம் என்ன வேறுபாடு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவருடைய இரத்தத்தில் புதியதொரு பொருளைக் கண்டு, 1965-இல் அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டு வெளியிட்டார். அது ‘பி’ நச்சுயிரின் மேலுறை என்பது பின்னரே விளங்கியது. 1976-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. இன்று சோதனைச்சாலையில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்று எழுதித் தருகிறார்களே, அது இந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென்தான்.

முழு நச்சுயிரை 1970-இல் லண்டனில் டேன் என்பவரும் அவர் குழுவினரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். அதன் குறுக்களவு 42 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 24,000 நச்சுயிர்களை வரிசையாக நிறுத்தலாம். நோய் முற்றிய நிலையில் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் அவை பல கோடிக் கணக்கில் இருக்கும். ஆதலால் கண்ணுக்குப் புலனாகாத சிறு துளியே போதும். நோயாளியின் இரத்தம் படிந்த ஊசி தவறிக் குத்திவிட்டால், தடுப்பூசி போடாதவருள் 100-க்கு 6 முதல் 30 பேர் வரை நோயைப் பெறுவர். எச்.ஐ.வி. ஆயின் அதே விபத்தில் 1,000-க்கு 3 பேரே. உலர்ந்த இரத்தக் கறையிலும் ‘பி’ நச்சுயிர் 7 நாட்களுக்குக் குறையாமல் வீரியத்துடன் இருக்க வல்லது.

இனிக் கணவன் மனைவியிடம் வருவோம். இந்நச்சுயிர் இரத்தத்தில் மட்டும் இருப்பதன்று. ஆணின் விந்திலும் பெண்ணின் பிறப்புறுப்புக் கசிவிலும் மாதவிடாய்க் குருதியிலும் உண்டு. உமிழ்நீரிலும் சிறிதளவு காணப்படுகிறது. உறவின்போது மென்தோலில் தோன்றும் நுண்ணிய கீறல்கள் வலிப்பதுமில்லை, தெரிவதுமில்லை; அவை இக்கிருமிக்குத் திறந்த வாயில்கள். ஆணிடமிருந்து பெண்ணுக்கும், பெண்ணிடமிருந்து ஆணுக்கும், ஆணிடமிருந்து ஆணுக்கும் இவ்வழியே செல்லும். பலரோடு உறவு கொள்பவர்க்கு ஆபத்து மிகுதி என்பது உண்மை. ஆனால் ஒரே ஒருவரோடு, அக்கினி சாட்சியாக மணந்தவரோடு வாழ்ந்தாலும், அந்த ஒருவர் நச்சுயிரைத் தாங்கியவராயின் அது வந்தே தீரலாம். ஆணுறை இவ்வாபத்தைப் பெரிதும் குறைக்கும்.

முத்தத்தைப் பற்றித் தோழியர் கேட்கிறார்கள். சாதாரண முத்தத்தால் இந்நோய் பரவியதற்குச் சான்றில்லை. ஆனால் ஒரே வீட்டில் வாழ்வோர் ஒருவர் பிளேடை மற்றவர் எடுப்பதும், பல் துலக்கும் பிரஷ் மாறிப்போவதும், ஒரே நகவெட்டியை எல்லாரும் பயன்படுத்துவதும் நம் குடும்பங்களில் சாதாரணம். ஈறில் கசியும் துளி இரத்தம் பிரஷில் ஒட்டியிருக்கும். உறவைவிட இது சிறிய வழி, ஆயினும் வழிதான். முடிதிருத்தகத்தில் ஒரே பிளேடு பத்து முகங்களில் நடமாடினால் அதுவும் இக்கணக்கில் சேர்ந்ததே.

நச்சுயிர் உடலுள் புகுந்த நாளிலிருந்து நோய்க்குறி தோன்ற 30 முதல் 180 நாட்கள் ஆகலாம். பெரும்பாலும் இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம். இந்த நீண்ட இடைவெளியால் பல தொல்லைகள். எங்கே எப்போது பெற்றோம் என்பது நினைவுக்கு எட்டாது. அதைவிட முக்கியம், குறிகள் தோன்றுமுன்பே இரத்தத்தில் நச்சுயிர் பெருகிவிடுகிறது. ஆகவே தமக்கு நோய் உண்டென்று அறியாத நிலையிலேயே ஒருவர் அதைத் தம் துணைக்குக் கொடுத்துவிட முடியும்.

தொடக்கக் குறிகளை இன்ன நோய் என்று சுட்டிச் சொல்ல இயலாது. உடம்பு காரணமின்றிச் சோர்ந்துபோகும். எட்டு மணி நேரம் உறங்கியும் எழ மனம் வராது. பசி போய்விடும். தாளிக்கும் வாசனையே குமட்டும். நேற்றுவரை விரும்பி உண்ட குழம்பைக் கண்டால் முகம் திரும்பும். புகைபிடிப்பவருக்குச் சிகரெட்டின் மேல் திடீரென்று வெறுப்பு உண்டாவதைப் பழைய மருத்துவர்கள் ஒரு தடயமாகவே குறித்து வைத்தனர். இலேசான காய்ச்சல் வரலாம். வலப்புற விலா எலும்புக்குக் கீழே கனமும் மந்த வலியும் இருக்கும். வேறு சிலருக்கு மூட்டுகளில் வலியும் தோலில் தடிப்பும் முதலில் தோன்றும். இது ஈரலின் வேலை என்று எவர் நினைப்பார்? ‘வாயு’ என்பார் ஒருவர், ‘ஃப்ளூ’ என்பார் மற்றொருவர், பரீட்சைக் கவலை என்பார் விடுதித் தோழர். இரண்டு மாத்திரையோடு ஒரு வாரம் கழிந்துவிடும்.

அதன் பின் சிறுநீர் நிறம் மாறும். கடுந்தேநீர் போல் கருமஞ்சளாகப் போகும். கண் மஞ்சளாவதற்கு ஓரிரு நாள் முதல் ஐந்து நாள் முன்னரே இது தெரிவதுண்டு. காரணம் எளிது. பித்தத்தின் நிறப்பொருளை ஈரல் குடலுக்கு அனுப்ப வேண்டும். ஈரல் அழன்றிருக்கையில் அது இரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது. குடலுக்குப் போக வேண்டிய நிறம் போகாமையால் மலம் வெளுத்துக் களிமண் போலாகும். வைட்டமின் மாத்திரை விழுங்குவோருக்கும் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். நோயின் நிறம் மங்கிய கருமஞ்சள். இதன் பிறகே கண்ணின் வெண்விழியில் மஞ்சள் ஏறும், சிலருக்குத் தோலில் அரிப்பும் எடுக்கும். மஞ்சள் தோன்றும்போது காய்ச்சல் தணிந்துவிடுவதும் உண்டு.

நோயாளி பிதற்றினாலும், பகலில் உறங்கி இரவில் விழித்தாலும், ஈறிலோ மூக்கிலோ இரத்தம் கசிந்தாலும், வாந்தி நில்லாதிருந்தாலும் அந்நிமிடமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். ஈரல் செயலிழக்கும் குறிகள் அவை. வளர்ந்தோரில் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவே இந்நிலை நேர்கிறது. நேர்ந்தால் காத்திருக்க நேரமில்லை.

மேலே நான் விவரித்த குறிகள் யாவும் சிலருக்கே வரும் என்பதுதான் இந்நோயின் பொல்லாத குணம். நச்சுயிர் புகுந்த வளர்ந்தோரில் 100-க்கு 30 முதல் 50 பேருக்கே குறிகள் தோன்றுகின்றன. மற்றவர்க்கு ஒன்றும் தெரியாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ பெரும்பாலும் ஒரு குறியும் இராது. ‘அவர் கண்ணில் மஞ்சளே இல்லையே’ என்று எவரையும் நோயற்றவர் எனக் கொள்ள முடியாது.

வயதுக்கும் நோயின் முடிவுக்கும் உள்ள தொடர்பு தலைகீழானது. வளர்ந்தவர் ஒருவர் இதைப் பெற்றால் 100-க்கு 95 பேருக்கு உடம்பே எதிர்த்துப் போராடிச் சில மாதங்களில் நச்சுயிரை விரட்டிவிடும். பிறக்கும்போதே தாயிடம் பெற்ற குழந்தைக்கோ, தடுப்பு எதுவும் செய்யாவிடில், 100-க்கு 90 வரை அது நிலைத்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நிலைத்ததை நாட்பட்ட நோய் என்பர். பல்லாண்டு ஒன்றும் தெரியாமலிருந்து, பிறகு ஈரல் சுருக்கமாகவோ ஈரல் புற்றாகவோ அது முடியலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இவ்வாறு நாட்பட்ட நோயைத் தாங்கியிருந்தனர். அவருள் மிகப் பலர் தம் நிலையை அறியார்.

ஆகவே திருமணமான சில மாதங்களில் மனைவி கருவுற்று, வழக்கமான இரத்தச் சோதனையில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. உண்டு’ என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ‘இது எப்படி வந்தது?’ என்ற கேள்வி உடனே எழுகிறது. உடலுறவால் பரவும் என்று எவரேனும் அரைகுறையாகச் சொல்லி வைத்திருப்பார். அவ்வளவுதான்; அப்பெண்ணின் நடத்தை விசாரணைக்கு வந்துவிடும். அந்தச் சோதனையால் அக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது. நச்சுயிர் இப்போது உள்ளது என்பதை மட்டுமே அது சொல்லும். வளர்ந்த வயதில் பெற்றவர் பெரும்பாலும் குணமாகிவிடுகிறார் என்றும், பிறப்பில் பெற்றவருக்கே பெரும்பாலும் நிலைக்கிறது என்றும் மேலே கண்டோம். எனவே இருபது வயதுப் பெண்ணிடம் நாட்பட்ட நோய் இருந்தால், அவள் பிறந்த நாளிலோ குழந்தைப் பருவத்திலோ அது வந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. பெற்ற தாயும் அறியாமலே கொடுத்திருப்பாள். கணவனுக்கும் இருக்குமாயின், இருவரும் தத்தம் தாயிடமிருந்து பெற்றிருக்கலாம்; ஒருவர் மற்றவர்க்குக் கொடுத்தார் என்று துணிவதற்கில்லை.

அண்மையில் வந்ததா, பழையதா என்று ஓரளவு அறிய வேறொரு சோதனை உண்டு. நச்சுயிரின் உள்ளுறைக்கு எதிராக உடல் உண்டாக்கும் ‘ஐ.ஜி.எம்.’ வகை எதிர்ப்பொருளைத் தேடுவது அது. புதிய தாக்குதலில் அது நிறைய இருக்கும். பழைய நோய் திடீரெனக் கிளர்ந்தெழும்போதும் சில வேளை அது தலைகாட்டும் என்பதால், அதையும் மருத்துவரே படித்துப் பொருள் சொல்ல வேண்டும். மாமியாரோ நாத்தனாரோ படிக்கும் காகிதம் அன்று அது.

மருந்து என்று வரும்போது கீழாநெல்லியைச் சொல்லாமல் தமிழர் எவரும் விடமாட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் முதலியோர், மேற்கூறிய பிளம்பெர்க்கையும் உடன் சேர்த்துக்கொண்டு, 1988-இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவரிடமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. பின்னர் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தவர்களும் போதிய சான்றில்லை என்றே கூறினர். நம் ஊர்ப் பச்சிலையை ஆய்வுக்கூடத்தில் ஏற்றி நேர்மையாகச் சோதித்த அம்முயற்சியை நான் மதிக்கிறேன். அதை நம்பி நாட்பட்ட நோயாளி மருத்துவரை விட்டுவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. புதிதாக நோய் கண்ட வளர்ந்தோரில் 100-க்கு 95 பேர் எது செய்தாலும் செய்யாவிட்டாலும் தாமே தேறுவர்; ஆகவே பச்சிலை கொடுத்தவருக்கும், மந்திரித்தவருக்கும், வடநாட்டில் கழுத்தில் மாலை போட்டுக் காமாலை இறக்குபவருக்கும் 95 வெற்றிகள் எளிதில் சேர்ந்துவிடுகின்றன. நாட்பட்ட நோய்க்கு டெனோஃபோவிர், என்டிகாவிர் என்னும் மாத்திரைகள் உள. நச்சுயிரை அடியோடு ஒழிப்பது அரிது. அடக்கி வைத்து ஈரலைக் காப்பதில் அவை வல்லவை. எல்லாருக்கும் உடனே தேவைப்படுவதில்லை; யாருக்கு, எப்போது என்பதைச் சோதனைகள் முடிவு செய்யும். நோயுற்ற ஈரலுக்கு மதுவைப்போல் பகை வேறில்லை.

மருந்தினும் மேலானது தடுப்பூசி. நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்துச் செய்த முதல் தடுப்பூசி 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1986-இல் ஈஸ்டுக்குள் அந்த மேலுறைப் புரதத்தின் மரபணுவைப் புகுத்தி, இரத்தமே தேவைப்படாமல் தயாரித்தனர். 1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இவ்வகை ஊசியை நம் நாட்டிலேயே செய்து வெளியிட்டபின் விலை இறங்கியது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் 2002-03-இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் முதன்முதலாக இதைச் சேர்த்தனர். நாடு முழுவதற்கும் பரவியது 2011-இல்தான். என் வயதினரும் என்னிலும் மூத்தோரும் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைப் பருவத்தில் நமக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று என்று தாயார் சொல்வது உண்மையாகவே இருக்கும்; அந்த ‘எல்லா’வில் இது இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. வீட்டிலுள்ள பழைய அட்டையை எடுத்துப் பாருங்கள்.

அட்டை இல்லையேல் இரத்தத்தைச் சோதிக்கலாம். எச்.பி.எஸ்.ஏ.ஜி. இருந்தால் நச்சுயிர் இப்போது உள்ளது. மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் தடுப்பூசியின் பலன். உள்ளுறைக்கு எதிரானதும் சேர்ந்திருந்தால், எப்போதோ நோய் வந்து தெரியாமலே தேறியிருக்கிறார். ஒன்றுமே இல்லையேல் மூன்று ஊசிகள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. திருமணத் தேதி குறிக்குமுன் இருவரும் இதைத் தொடங்கினால் கணக்குச் சரியாக வரும். இடையில் தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒருவருக்கு நோய் உண்டென்று தெரிந்தாலும் திருமணம் நிற்க வேண்டியதில்லை. மற்றவர் மூன்று ஊசிகளையும் போட்டு, கடைசி ஊசிக்கு ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பொருள் உண்டாயிற்றா என்று சோதித்துக்கொண்டால் அச்சமின்றி வாழலாம். அதுவரை ஆணுறை வேண்டும். தடுப்பூசி போடாத ஒருவர் தம் துணைக்குப் புதிதாக இந்நோய் கண்டிருப்பதை அறிந்தால், முதல் ஊசியை அன்றே போட்டுக்கொள்வது நன்று. அதனுடன் எதிர்ப்பொருள் செறிந்த ‘இம்யூனோகுளோபுலின்’ என்னும் ஊசியையும் தருவர். கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அது போடப்பட வேண்டும். கருவுற்றவளுக்கு நோயிருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அதற்குத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் தந்து, பின்வரும் தவணைகளையும் தவறாமல் போட வேண்டும். தாயின் இரத்தத்தில் நச்சுயிர் மிகுந்திருந்தால் கருப்பக் காலத்திலேயே டெனோஃபோவிர் கொடுப்பர். தாய்ப்பால் தருவதற்குத் தடையில்லை. 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-இல், பிளம்பெர்க் பிறந்த நாளில், தொடங்கப்பெற்ற தேசிய ஈரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் இச்சோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்கின்றன.